கேரியரில் அக்கா

திண்டுக்கல்லிலிருந்து மேற்கே மலையடிவாரத்துக்குப் போகும் சாலையில் என் வாலிப வயது முழுவதும் சைக்கிள் ஓட்டியிருக்கிறேன். ஊர் பார்க்கும் ஆசையில் அல்ல. அந்தச் சாலை முடிவதற்குச் சற்று முன்னால் ஒரு காசநோய் ஆஸ்பத்திரி இருந்தது. என் அக்கா அங்கே கிடந்தாள்.

அக்காவை எரியோட்டுக்குப் பக்கத்தில் ஒரு கிராமத்தில் கட்டிக்கொடுத்திருந்தோம். கடலைக்காடும் சோளக்காடுமாக ஓரளவு வசதியான குடும்பம். பெண் குழந்தை பிறந்து அது எழுந்து நடக்கத் தொடங்கிய சமயம், கடலை பறித்துக்கொண்டிருந்தவள் இருமி, கையில் ரத்தத்தைப் பார்த்திருக்கிறாள். மறுநாளே மச்சான் அவளை மாட்டுவண்டியில் ஏற்றிக்கொண்டு வந்து நாகல் நகரில் எங்கள் வீட்டு வாசலில் இறக்கினார். குழந்தையைக் கொண்டுவரவில்லை.

"சரியானதும் சொல்லியனுப்புங்க, வந்து கூட்டிட்டுப் போறேன்" என்று அம்மாவிடம் சொன்னார். வண்டியை விட்டு அவர் இறங்கக்கூட இல்லை.

அப்பா இறந்துபோயிருந்தார். வீட்டில் அம்மா, கல்யாணத்துக்கு வளர்ந்துகொண்டிருந்த தங்கை, தோல்ஷாப்பில் சுண்ணாம்புத் தொட்டியில் தோலைப் புரட்டிக்கொண்டிருந்த நான். அக்காவை மலையடிவாரத்து ஆஸ்பத்திரியில் கொண்டுபோய்ச் சேர்த்தது நான்தான். அன்று பஸ்ஸில் போனோம். திரும்பும்போது ஆஸ்பத்திரி வாசலில் தனியாக ஏறினேன். அந்த நிறுத்தத்தில் ஏறுகிறவன் யார் என்று எல்லோருக்கும் தெரியும். பக்கத்தில் இருந்தவர் துண்டால் மூக்கை மூடிக்கொண்டு எழுந்து போய்விட்டார். கண்டக்டர் வந்து, "தம்பி, பின்னால போய் நின்னுக்க. சீட்டுல உக்காராத" என்றார். தோல்ஷாப்பு வாடைக்கு ஆட்கள் விலகி உட்காருவது எனக்குப் பழகிப்போன விஷயம். இது அது போல இல்லை. அடுத்த மாதமே ஒரு பழைய சைக்கிளை வாங்கிவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான் எனக்கு விடுமுறை. விடிந்ததும் கிளம்பிவிடுவேன். வக்கம்பட்டி வரைக்கும் சாலை சமதளமாகப் போகும். சிறுமலை முதுகுக்குப் பின்னால் தள்ளிக்கொண்டே போகும். எதிரே கொடைக்கானல் மலைத்தொடர் நீலமாக எழும்பும். ஆத்தூரில் குடகனாற்றைக் கடக்க வேண்டும். மழைக்காலம் தவிர அது வெறும் மணல்தான். மணலில் சக்கரம் புதையும், தோளில் தூக்கிக்கொண்டு நடக்க வேண்டும். ஆத்தூரைத் தாண்டினால் நெல்வயலும் தென்னந்தோப்புமாகக் கண்ணுக்குக் குளிர்ச்சியாக இருக்கும். ஆனால் அங்கிருந்துதான் சாலை மலையைப் பார்த்து ஏறத் தொடங்கும். ஏறுவது கண்ணுக்குத் தெரியாது, முழங்காலுக்குத் தெரியும்.

ஆடி மாதத்தில் அந்தச் சாலை வேறு சாலை. மலை இடுக்கிலிருந்து காற்று நேராக நெஞ்சில் வந்து மோதும். எழுந்து நின்று மிதித்தாலும் சைக்கிள் நகராது. மண்ணை வாரி முகத்தில் அடிக்கும். இறங்கித் தள்ளலாம் என்றால் காற்று சைக்கிளையே பிடுங்கப் பார்க்கும். அந்த மாதங்களில் நான் ஆஸ்பத்திரி போய்ச் சேரும்போது பார்வை நேரம் பாதி முடிந்திருக்கும்.

முட்டை கொடுக்கச் சொல்லியிருந்தார் டாக்டர். தூக்குவாளியில் வைக்கோல் அடைத்து, நடுவில் முட்டைகளை வைத்து, ஹாண்டில்பாரில் மாட்டிக்கொள்வேன். முதல் சில வாரங்கள் பாதிக்குமேல் உடைந்துதான் போய்ச் சேர்ந்தன. கப்பிக்கல் போட்ட இடமெல்லாம் இறங்கி நடக்கக் கற்றுக்கொண்டேன். அக்கா வாளியைத் திறந்து பார்த்து, "ஏலே, நீ நடந்தே வந்திருக்கலாம்போல" என்று சிரிப்பாள். சிரித்தால் இருமல் வரும் என்று பாதியில் நிறுத்திக்கொள்வாள்.

பெண்கள் வார்டு ஒரு நீண்ட வராந்தா. ஒரு பக்கம் சுவர், மறுபக்கம் கம்பி அழி. மலைக்காற்று உள்ளே வர வேண்டும் என்று அப்படிக் கட்டியிருந்தார்கள். ஒவ்வொரு கட்டிலுக்கு அடியிலும் சளி துப்ப மூடி போட்ட ஒரு குவளை. அக்காவுக்குப் பக்கத்துக் கட்டிலில் நெய்க்காரப்பட்டியிலிருந்து வந்த ஒரு அம்மாள் இருந்தார். ஐந்து பிள்ளைகளைப் பெற்றவர். அவரைப் பார்க்க யாரும் வந்து நான் கண்டதில்லை. என்னைக் கண்டதும் எழுந்து உட்கார்ந்து, "ஏனுங்க தம்பி, மொகமெல்லாம் புழுதியா இருக்குதுங்க. போய்க் கழுவிட்டு வந்து உக்காருங்க" என்பார். வழியில் சோளம் விளைந்திருக்கிறதா, எந்தக் கிணற்றில் தண்ணீர் இருக்கிறது, யார் தோட்டத்தில் வெங்காயம் பிடுங்குகிறார்கள் என்று எல்லாம் கேட்பார். அவருக்குச் சொல்வதற்காகவே நான் வரப்புகளைப் பார்த்துக்கொண்டே ஓட்டினேன்.

ஐப்பசி அடைமழையில் இரண்டு வாரம் ஆற்றைக் கடக்க முடியவில்லை. மூன்றாம் வாரம் போனபோது அந்தக் கட்டில் காலியாக இருந்தது.

"ராப்பூரா பேசிக்கிட்டே இருந்துச்சு" என்றாள் அக்கா. "மூத்த மகனுக்குப் பொண்ணு பாக்கணும்னு. பேச்சு நின்னப்ப, தூங்கிருச்சுன்னு நெனச்சேன். காலைல நர்சம்மா வந்துதான் பாத்துச்சு."

"வீட்டாளுக வந்தாங்களா?"

"சொல்லி அனுப்புனாங்க. வரல. இங்கிட்டு ஆளுகதான் ஆத்தங்கரைல கொண்டுபோய்ப் பொதச்சாங்க."

அன்று திரும்பும்போது இறக்கத்தில் மிதிக்க வேண்டிய அவசியமே இல்லை. சைக்கிள் தானாக ஓடியது. வழியில் ஒரு தோட்டத்தில் வெங்காயம் பிடுங்கிக்கொண்டிருந்தார்கள். யாருக்குச் சொல்வது என்று இருந்தது.

அக்காவுக்கு வாராவாரம் ஒரே கேள்விதான்: "பாப்பாவப் பாத்தியா?" அதற்காக மாதத்தில் ஒருநாள், தோல்ஷாப்பில் சொல்லிவிட்டு, வடக்கே எரியோட்டுப் பக்கம் போவேன். அது வறண்ட சீமை. ஆவாரஞ்செடியும் வேலமுள்ளும்தான். பஞ்சர் ஆகாமல் போய் வந்த நாள் குறைவு. குழந்தையைத் தூக்கிக் கொஞ்ச நேரம் வைத்திருந்துவிட்டு, எத்தனை பல் முளைத்திருக்கிறது, என்ன பேசுகிறது என்பதையெல்லாம் மனதில் வாங்கிக்கொண்டு வந்து ஞாயிற்றுக்கிழமை அக்காவிடம் ஒப்பிப்பேன்.

ஒரு தை மாதம் பொங்கல் முடிந்து போனேன். களத்தில் ஒரு புதிய பெண் நின்று கடலையைத் தூற்றிக்கொண்டிருந்தாள். கழுத்தில் மஞ்சள் கயிறு புதிதாக இருந்தது. குழந்தை அவள் சேலையைப் பிடித்துக்கொண்டு நின்றது. என்னைக் கண்டதும் அவள் முறத்தைக் கீழே வைத்துவிட்டுக் குழந்தையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள்.

மச்சான் வீட்டுக்குள்ளிருந்து வந்தார். "நானும் எம்புட்டு நாள் பாக்குறது மாப்ள? பிள்ளைய யாரு பாக்குறது? காட்டை யாரு பாக்குறது? நீயே சொல்லு."

சைக்கிளைத் திருப்பிக்கொண்டு வந்துவிட்டேன்.

ஆஸ்பத்திரிக்குப் போகும் சாலை அந்த ஞாயிற்றுக்கிழமைதான் எனக்குச் சீக்கிரம் முடிந்தது. அக்கா கட்டிலில் உட்கார்ந்து தலை சீவிக்கொண்டிருந்தாள்.

"அக்கா, மச்சான் வேற கலியாணம் பண்ணிட்டாரு."

சீப்பு நின்றது. "எந்த ஊருப் பிள்ள?"

"வேடசந்தூர்ப் பக்கமாம்."

"பாப்பா அவகிட்டப் போகுதா?"

"இடுப்புலதான் வச்சிருந்தா."

"அழுகலையா?"

"அழுகல."

"சரி" என்றாள். சிக்கெடுத்து, பின்னி, முடிந்து, உதிர்ந்த முடியைச் சுருட்டிக் கையில் வைத்துக்கொண்டாள். மணி அடித்ததும் நான் எழுந்தேன். எப்போதும் கம்பி அழி வரைக்கும் கூட வருவாள். அன்று வரவில்லை.

மறு வருஷம் பங்குனியில் அவளுக்குக் குணமாகிவிட்டது என்று டாக்டர் சொன்னார். வயதான மனிதர், அதிகம் பேசமாட்டார். "சளியில கிருமி இல்ல. தைரியமாக் கூட்டிட்டுப் போ. ஊசி மருந்து வந்ததால பொழச்சா. வெயில்ல வேலை செய்ய விடாதே" என்றார். அக்காவின் இரண்டு சேலைகளைப் பையில் போட்டு ஹாண்டில்பாரில் மாட்டி, கேரியரில் சாக்கை மடித்துப் போட்டு, அவளை உட்கார வைத்தேன். பாரமே தெரியவில்லை. பின்னால் ஆள் இருக்கிறாளா என்று இரண்டு தடவை திரும்பிப் பார்த்தேன்.

இறக்கத்தில் காற்று முகத்தில் அடித்தபோது, "மெதுவாப் போ அப்பு" என்றாள். "எல்லாத்தையும் பாத்துக்கிட்டு வாரேன்." ஆத்தூர் ஆற்றில் இறங்கி மணலில் நடந்தோம். நடுவில் ஊற்று தோண்டியிருந்தார்கள். குனிந்து இரண்டு கையாலும் அள்ளிக் குடித்தாள். பக்கத்தில் குடத்தோடு நின்ற பெண்களுக்கு அவள் எங்கிருந்து வருகிறாள் என்று தெரியாது. ஒருத்தி, "எந்த ஊரு தாயி?" என்று கேட்டாள். "எரியோடு" என்றாள் அக்கா.

திண்டுக்கல் எல்லையில் ஒரு போலீஸ்காரர் கையைக் காட்டி நிறுத்தினார். அந்தக் காலத்தில் சைக்கிளில் இரண்டு பேர் போவது குற்றம். பிடித்தால் டயரில் காற்றைப் பிடுங்கிவிடுவார்கள்.

"டபுள்ஸ் போகக் கூடாதுன்னு தெரியாது?" என்று ஹாண்டில்பாரைப் பிடித்தார்.

"உடம்பு சரியில்லாதவங்க ஐயா. ஆஸ்பத்திரியிலருந்து கூட்டிட்டு வாரேன்."

"எந்த ஆஸ்பத்திரி?"

சொன்னேன். அவர் கை சட்டென்று ஹாண்டில்பாரை விட்டது. இரண்டு எட்டு பின்னால் போய், கையைக் கால்சட்டையில் துடைத்துக்கொண்டார். "போ, போ" என்றார்.

கேரியரிலிருந்து இறங்கியிருந்த அக்கா திரும்ப ஏறவில்லை. ஊருக்குள் என் கூடவே நடந்து வந்தாள். நாகல் நகருக்குத் திரும்பும் இடத்தில் நின்றாள்.

"வீட்டுக்கு அப்புறம் போவோம். மொதல்ல பாப்பாவப் பாக்கணும்."

"இன்னும் அம்புட்டுத் தூரம் போகணும்க்கா. வெயிலு வேற. நாளைக்குப் போவோம்."

"நாளைக்கு உனக்கு வேலை. என்னைய யாரு கூட்டிட்டுப் போவா?"

மறுபடி ஏற்றிக்கொண்டேன். கரூர் சாலையில் தாடிக்கொம்பு பக்கத்தில் மறுபடியும் குடகனாறு வந்தது. காலையில் மலைக்குக் கீழே பார்த்த அதே ஆறு, இங்கே அகலமாக, ஒரு சொட்டு ஈரம் இல்லாமல் கிடந்தது. பிறகு மண்சாலை. வண்டித்தடத்தில் சக்கரம் இறங்கி ஏறும்போதெல்லாம் அக்கா என் சட்டையைப் பிடித்துக்கொள்வாள். ஒரு இடத்தில் முள் ஏறி டியூப் போய்விட்டது. நான் ஒட்டுப் போட்டுக் காற்றடிக்கும் வரை வேலமரத்து நிழலில் உட்கார்ந்திருந்தவள், பையிலிருந்த சேலையை எடுத்துப் புதர் மறைவில் போய் மாற்றிக் கட்டிக்கொண்டு வந்தாள். "ஆஸ்பத்திரி வாடை அடிக்குதா பாரு" என்று முந்தானையை நீட்டினாள். "எனக்குத் தோல்ஷாப்பு வாடையத் தவிர எதுவும் தெரியாதுக்கா" என்றேன். அவள் சிரித்தாள். இந்தத் தடவை இருமல் வரவில்லை.

மச்சான் களத்தில் நின்றார். எங்களைப் பார்த்ததும் ஓடிவந்து குறுக்கே நின்றுகொண்டார்.

"அங்கனயே நில்லு. கிட்ட வராத."

"எனக்குக் குணமாயிருச்சுங்க. டாக்டரு சொல்லிட்டாரு" என்றாள் அக்கா. "இருக்க வரல. பிள்ளையப் பாத்துட்டுப் போயிர்றேன்."

அவருக்குப் பின்னால் அந்தப் பெண் வந்து நின்றாள். வயிறு மேடிட்டிருந்தது. அவள் கையைப் பிடித்துக்கொண்டு குழந்தை எட்டிப் பார்த்தது. நன்றாக வளர்ந்திருந்தது. எண்ணெய் தேய்த்து இரட்டைப் பின்னல் போட்டிருந்தது.

"யாரும்மா அது?" என்று அவளைக் கேட்டது.

அந்தப் பெண் ஒரு நிமிஷம் அக்காவைப் பார்த்தாள். "உங்க பெரியம்மா" என்றாள். பிறகு குழந்தையின் முதுகில் கை வைத்து மெல்லத் தள்ளி, "போ, பெரியம்மாகிட்டப் போ. தூக்கிக்கங்கக்கா" என்றாள்.

மச்சான் அவளைப் பார்த்துக் கத்தினார். "அறிவிருக்கா உனக்கு? என்ன சீக்குன்னு தெரியுமா?"

குழந்தை பாதி வழியில் நின்றுவிட்டது. அக்கா இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டாள். எனக்கு அது மட்டும்தான் தெரிந்தது, நான் பின்னால் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றேன். ஒரு கையை இன்னொரு கை இறுக்கிப் பிடித்திருந்தது.

"வேணாம்" என்றாள் அக்கா. "அம்மாகிட்டப் போ கண்ணு."

அந்தப் பெண் தண்ணீர் கொண்டுவந்தாள். செம்பில்தான் கொண்டுவந்தாள். மச்சான் அதைப் பிடுங்கி ஒரு கொட்டாங்குச்சியில் ஊற்றித் தரையில் வைத்தார். அக்கா அதை எடுக்கவில்லை. செத்த நேரம் குழந்தையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு, "போவோம்ப்பு" என்றாள்.

திரும்பும் வழி முழுவதும் என் முதுகில் அவள் நெற்றி முட்டிக்கொண்டே வந்தது. சட்டை வேர்வையில் நனைந்திருந்தது. அவள் அழுதாளா என்று அதனால் எனக்குத் தெரியவில்லை.

வீட்டில் அம்மா அவளைக் கட்டிக்கொண்டு அழுதாள். ஆனால் தட்டும் தம்ளரும் தனியாக வைத்திருந்தாள். படுக்கப் பின்கட்டில் விறகு அடுக்கும் சாய்ப்பை ஒழித்துப் போட்டிருந்தாள். தங்கைக்கு அப்போது ஒரு இடம் பேசிக்கொண்டிருந்தார்கள். யாராவது வந்தால் அக்கா சாய்ப்பை விட்டு வெளியே வரக்கூடாது. சோறும் வெஞ்சனமும் அங்கேயே போகும். அம்மாவைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. "கேட்டா நான் என்னடா சொல்லுவேன்? ரெண்டும் எம் பிள்ளைகதான" என்று என்னிடமே அழுதாள்.

ஆடிக் காற்று தொடங்கிய சமயம் அக்காவே சொன்னாள்.

"என்னைய ஆஸ்பத்திரிக்கே கொண்டுபோய் விட்ரு."

"சீக்கு இல்லாத ஆள அங்க எப்படிக்கா வச்சுக்குவாங்க?"

"வேலை குடுப்பாங்க. டாக்டரு ஒருநா கேட்டாரு. அங்க எல்லாரும் ஒரே தம்ளர்லதான் குடிக்கிறோம்."

எதிர்காற்றில் அவளை வைத்து மிதித்த அந்தப் பயணம் போல ஒரு பாடு நான் பட்டதில்லை. வக்கம்பட்டிக்கு அப்புறம் மிதிக்கவே முடியவில்லை. இருவரும் தள்ளிக்கொண்டு போனோம். அவள் ஒரு கையைக் கேரியரில் வைத்து முன்னால் உந்திக்கொடுத்தாள். தலைமுடி பறக்க, கண்ணை இடுக்கிக்கொண்டு, மலையைப் பார்த்தபடியே நடந்தாள். டாக்டர் அவளைப் பார்த்ததும் ஏன் வந்தாய் என்று கேட்கவில்லை. மறுநாளிலிருந்து அதே வார்டில் ஆயா வேலை. குவளைகளைக் கழுவுவது, போர்வைகளைக் கொதிக்க வைப்பது, எழ முடியாதவர்களுக்குச் சோறு ஊட்டுவது.

அதன் பிறகும் நான் ஓட்டினேன். வாராவாரம் என்பது மாதம் இருமுறை ஆயிற்று. எனக்குக் கல்யாணம் ஆனபின் மாதம் ஒருமுறை. ஆத்தூரில் பாலம் வந்தது, கப்பிக்கல்லுக்கு மேல் தார் வந்தது. அக்கா தலை நரைத்து, சற்றுச் சதை பிடித்து, வார்டில் எல்லோரையும் அதட்டுகிறவளாக ஆகிவிட்டாள். மகளைப் பற்றி மட்டும் கேட்பதை நிறுத்தவில்லை. நானும் எரியோட்டுப் பக்கம் போவதை நிறுத்தவில்லை. பெண் என்னைத் திண்டுக்கல் மாமா என்று கூப்பிடும்.

அறுபதுகளின் கடைசியில் ஒருநாள் மச்சான் தோல்ஷாப்பு வாசலில் வந்து நின்றார். வயதாகியிருந்தார்.

"மாப்ள, நீ தப்பா நெனைக்கக் கூடாது. பிள்ளைக்கு எடம் அமஞ்சிருக்கு. அவங்க ரொம்ப விசாரிக்கிறாங்க. பெத்தவ இப்ப வீட்டுல இருக்கவதான்னு சொல்லியிருக்கோம்."

நான் கையில் ஒட்டியிருந்த சுண்ணாம்பைத் துடைத்தேன்.

"தாய்மாமன் மொறைக்கு இவ தம்பி நிப்பான். நீ வந்தா, யாருன்னு கேப்பாங்க."

அந்த ஞாயிற்றுக்கிழமை அக்காவிடம் சொன்னேன். அவள் கொடியில் போர்வைகளைக் காயப்போட்டுக்கொண்டிருந்தாள்.

"நல்ல எடமா?"

"கெணறு, தோட்டம் இருக்காம். பையன் குடிக்க மாட்டானாம்."

"அப்பச் சரி" என்றாள். பிறகு, "உன்னையும் வர வேணாம்னுட்டானா?" என்று கேட்டாள். நான் தலையசைத்தேன். போர்வையின் ஓரத்தை இழுத்து இழுத்து நேராக்கிக்கொண்டே இருந்தாள்.

கல்யாணத்துக்கு முந்தின மாதம், நான் அங்கே இருந்த ஒரு பகலில், பஸ் வந்து நின்றது. அந்த நிறுத்தத்தில் பொதுவாக ஒருவரோ இருவரோதான் இறங்குவார்கள். இறங்கியது மச்சானின் இரண்டாவது மனைவி. கூட அக்காவின் மகள். வீட்டில் கோயிலுக்குப் போவதாகச் சொல்லிவிட்டு வந்திருக்கிறார்கள்.

அக்கா வராந்தாவில் கம்பி அழிக்கு உள்ளே நின்றாள். அவர்கள் வெளியே முற்றத்தில் நின்றார்கள்.

"பெரியம்மாவக் கும்பிட்டுக்க" என்றாள் அந்தப் பெண்மணி. மகள் செருப்பைக் கழற்றிவிட்டு மண்ணில் விழுந்து கும்பிட்டாள்.

"நல்லா இரு" என்றாள் அக்கா. குரல் சரியாகத்தான் இருந்தது. அந்தப் பெண்மணியைப் பார்த்து, "நல்லா வளத்திருக்க" என்றாள். உள்ளே யாரோ இருமினார்கள். "கூப்புடுறாங்க, வாரேன்" என்று சொல்லிவிட்டு வார்டுக்குள் போய்விட்டாள். யாரும் கூப்பிடவில்லை என்று எனக்குத் தெரியும்.

அதே பஸ் மலையடிவாரத்துக் கடைசி ஊருக்குப் போய்த் திரும்பி வரும்வரை சாலையோரம் நின்றோம். பெண்மணி சற்றுத் தள்ளிப் புளியமரத்தடியில் உட்கார்ந்துவிட்டாள். வேண்டுமென்றே அப்படி உட்கார்ந்தாள் என்று நினைக்கிறேன்.

"மாமா" என்றாள் பெண், "அவுங்கதான எங்கம்மா?"

"ஆமா தாயி."

அவள் ஆஸ்பத்திரிப் பக்கம் திரும்பிப் பார்த்தாள். இரண்டு எட்டு எடுத்து வைத்தாள். அதற்குள் பஸ் வந்துவிட்டது. சித்தி கூப்பிட்டதும் ஏறிவிட்டாள். ஜன்னலோரம் உட்கார்ந்தாள். பக்கத்தில் இருந்த ஒரு ஆள் எழுந்து பின்னால் போனதைக் கீழே நின்று பார்த்தேன்.

கல்யாணம் நடந்தது. நாங்கள் இருவரும் போகவில்லை. அன்று வேலைநாள், நான் தொட்டியில் தோல் புரட்டினேன். ஞாயிற்றுக்கிழமை போனபோது அக்கா, எழ முடியாத ஒரு சின்னப் பெண்ணுக்குக் கஞ்சி புகட்டிக்கொண்டிருந்தாள். "செத்த நேரம் உக்காரு, முடிச்சிட்டு வாரேன்" என்றாள். அந்தப் பெண் ஒவ்வொரு வாய்க்கும் நெடுநேரம் எடுத்துக்கொண்டாள். பார்வை நேரம் முடிந்து மணி அடிக்கும்வரை கஞ்சி தீரவில்லை. பஸ்ஸுக்கு நின்றபோது மகள் கேட்டதை அன்றும் சொல்லாமலே நான் சைக்கிளை எடுத்துக்கொண்டு கிளம்பினேன்.